ஓடைப் பள்ளத்துக்குள் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்களுக்கு: சேர்வராயன் மலையில் ஒரு முழுமையான வழிகாட்டி

எந்த ஓடைக்குள் இறங்குவது, எந்த இடத்தில் திரும்புவது, யார் முன்னால் நடப்பது என்ற முடிவுகளில் முக்கால்வாசி, பஸ் சேலத்தின் அஸ்தம்பட்டியைத் தாண்டும் முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பள்ளத்துக்குள் இறங்கிய பிறகு நிதானமாக யோசிக்க யாருக்கும் வாய்ப்பதில்லை. "சார், இன்னும் கொஞ்சம்தான் சார், அருவிச் சத்தம் கேட்கிறது சார்" என்று பத்துக் குரல்கள் ஒரே நேரத்தில் கெஞ்சும்போது, உறுதியான ஆசிரியரும் இளகிவிடுவார். அந்தக் கெஞ்சலுக்கான பதில் முந்தைய நாள் இரவே தாளில் எழுதப்பட்டு அவருடைய சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை.

பள்ளி ஆசிரியர்கள், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்கள், சாரணர் இயக்கப் பொறுப்பாளர்கள், ஊரில் சொந்தமாக இளைஞர் குழு நடத்துபவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். தனியாக மலையேறும் அனுபவசாலிகளுக்கு இதில் சில விதிகள் மிகைப்பட்டதாகத் தோன்றலாம். அடுத்தவர் பிள்ளையை அழைத்துப் போகும்போது மிகைதான் சரியான அளவு.

எப்படிப்பட்ட இடம்

அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநிலங்களில் 'ஸ்லாட் கேன்யன்' என்று அழைக்கப்படும் பாறை இடுக்குகள் புகழ்பெற்றவை. மணற்பாறையை வெள்ளமும் அது சுமந்து வரும் மணலும் பல்லாயிரம் ஆண்டுகளாக அரைத்து அறுத்ததால் உண்டானவை. இரண்டு கைகளையும் நீட்டினால் இரு சுவரையும் தொட்டுவிடலாம். மேலே பார்த்தால் வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும். சேர்வராயன் மலையின் பாறை வேறு. இங்கே இருப்பது சார்னோகைட் என்ற கடினமான பழம்பாறை. அது அவ்வளவு எளிதில் அறுபடாது. எனவே நம் ஓடைகள் அகன்றும், உருண்டைப் பாறைகள் நிறைந்தும் இருக்கும். ஆனால் ஏதோ ஓரிடத்தில் முப்பது, நாற்பது அடி தூரத்துக்கு இரு பக்கமும் செங்குத்தாகப் பாறை நெருங்கும். நடுவில் தண்ணீரைத் தவிர வேறு வழி இருக்காது. அந்த நாற்பது அடியில் நிற்கும்போது நீங்கள் யூட்டாவில் நிற்பதற்கும் ஏற்காட்டில் நிற்பதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதனால் அந்த ஊர்களில் நடந்தவற்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் கீழ் ஆன்டிலோப் இடுக்கில் 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் இறந்தார்கள். வழிகாட்டி ஒருவர் மட்டும் பிழைத்தார். இடுக்கு இருந்த இடத்தில் சொல்லும்படியான மழை இல்லை. பல மைல் தொலைவில், மேட்டுப் பகுதியில் பெய்த மழை கீழே வந்து சேர்ந்தது. 1999 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் சாக்செட்டன் ஓடையில் 21 பேர் இறந்தார்கள். அவர்களில் வழிகாட்டிகளும் உண்டு. வழிகாட்டி உடன் இருப்பதே காப்பு என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2008 ஏப்ரல் 15 அன்று நியூசிலாந்தின் மங்காடெபோப்போ பள்ளத்தாக்கில் பள்ளிக் குழு ஒன்று சிக்கியது. நீர் ஏற ஏற ஒரு பாறைத் திட்டில் ஒதுங்கினார்கள். பிறகு ஆற்றில் இறங்கி வெளியேற முயன்றார்கள். 6 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் உயிரிழந்தார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததை எல்லாரும் கைப்பேசியில் பார்த்தோம். குளித்துக்கொண்டிருந்தவர்கள் படிகளில் ஏறி ஓடுவதற்குள் அருவி முழு அகலத்துக்கும் பொங்கிவிட்டது. 17 வயது மாணவர் ஒருவரை வெள்ளம் அடித்துச் சென்றது.

முதல் வேலை: தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வரைந்து பாருங்கள்

நடக்கப்போகும் பாதையின் வரைபடத்தை எல்லாரும் வைத்திருப்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்த ஓடைக்கு நீர் வந்து சேரும் பரப்பின் வரைபடம். கைப்பேசி வரைபடத்தில் நிலவடிவக் காட்சியைத் திறந்து, நீங்கள் போகும் இடுக்கைப் புள்ளியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து மேல்நோக்கி, இரு பக்கமும் மலைமுகடுகளை இணைத்து ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டுக்குள் விழும் மழைத்துளியில் மண்ணும் மரமும் குடித்ததுபோக மீதி உங்கள் இடுக்கின் வழியாகத்தான் போகும், புனலில் ஊற்றியதுபோல.

இதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 2 கோடி லிட்டர். கோடையில் இடியோடு வரும் மழைக்கு இந்த 20 மில்லிமீட்டர் அரை மணி நேர வேலை. அதில் பாதி மண்ணில் ஊறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மீதி 1 கோடி லிட்டர் ஒரு மணி நேரத்தில் வடிந்தால், விநாடிக்கு ஏறத்தாழ 100 கன அடி. சேலம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கன அடி புதிதல்ல. மேட்டூர் நீர்வரத்தைக் காலைச் செய்தித்தாளில் பார்க்காமல் நமக்குக் காபி இறங்காது. மேட்டூர்க் கணக்கில் 100 கன அடியை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அதே 100 கன அடி ஒரு மீட்டர் அகல இடுக்கில் விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் வந்தால் ஆழம் ஏறத்தாழ 1.4 மீட்டர். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கழுத்தளவு.

வெள்ளப் பாதுகாப்புப் பொறியாளர்கள் பயன்படுத்தும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு: ஆழத்தை மீட்டரிலும் வேகத்தை விநாடிக்கு மீட்டரிலும் எடுத்துப் பெருக்குங்கள். விடை 0.4-ஐத் தாண்டினால் சிறுவர்களை நீர் தள்ளிவிடும் ஆபத்து உண்டு. பெரியவர்களுக்கு எல்லை 0.6. அதாவது முழங்காலளவு தண்ணீர் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினாலே சிறுவர்களுக்கான எல்லை வந்துவிட்டது. வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. கரையில் ஐந்து மீட்டர் அளந்துகொண்டு, ஒரு சருகை நீரில் போட்டு நேரத்தை எண்ணுங்கள். ஐந்து விநாடிக்குள் கடந்துவிட்டால், முழங்காலளவு ஆழத்தில்கூடப் பிள்ளைகளை இறக்கக் கூடாது.

கிளியூர் அருவியை எடுத்துக்காட்டாகப் பாருங்கள். (அதன் பள்ளத்தாக்குக்குள் இறங்கச் சொல்லவில்லை, சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் நீரைப் பார்க்கும் இடத்திலிருந்து பார்த்தால் போதும்.) அதற்கு நீர் வருவது பெரும்பாலும் ஏற்காடு ஏரி நிரம்பி வழிவதால். ஏரி நிரம்பாதவரை ஊருக்குள் பெய்யும் மழையை அது தாங்கிக்கொள்ளும். விளிம்புவரை நிறைந்துவிட்டால் சிறு மழையும் நேராக அருவிக்கு வந்துவிடும். ஆகவே கிளியூர்ப் பக்கம் போகிறவர்கள் முதலில் ஏரியின் மட்டத்தைப் பார்த்துவிட்டுப் போவது புத்திசாலித்தனம். உங்கள் ஓடைக்கு மேலே அப்படி ஏரியோ தடுப்பணையோ தோட்டக் குளமோ இருக்கிறதா என்று விசாரியுங்கள். காபித் தோட்டங்களுக்குள் இருக்கும் சிறு தடுப்பணைகள் வரைபடத்தில் இருக்காது.

எந்த மாதம், எந்த மணி

நம் மலைக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இடையில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பச் சலன மழை. அடிவாரத்தில் வெயில் கொளுத்தும்போது முகட்டில் மழை கொட்டுவது வாடிக்கை. ஜூன் முதல் டிசம்பர் நடுவரை ஓடைப் பள்ளத்தை மறந்துவிடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் உள்நாட்டுக்குள் நகர்ந்தபோது, ஏற்காட்டில் ஒரே நாளில் ஏறத்தாழ 24 செ.மீ. மழை பெய்தது, மலைப்பாதையில் மண் சரிந்தது. கடலோரத்துப் புயல் நம்மை என்ன செய்யும் என்று இனி யாரும் கேட்க முடியாது.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீ அபாயக் காலம். வனத்துறை மலையேற்றத்தை நிறுத்திவைக்கும். கோடை விடுமுறையில், ஏற்காட்டில் கோடை விழா நடக்கும் மே மாதத்தில்தான் எல்லாப் பள்ளிகளும் கிளம்பும். இடிமழைக்கும் அதுதான் நேரம். கழித்துப் பார்த்தால், ஓடைக்குள் போக உகந்ததாக மிஞ்சுவது பொங்கலை ஒட்டிய இரண்டு மாதங்கள்தான். அதிலும் முந்தைய இரண்டு நாட்கள் மலையில் மழை இல்லாமல் இருந்தால் மட்டும். இது மிகவும் குறுகிய காலம் என்று அங்கலாய்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஆண்டின் மற்ற மாதங்களில் ஏற்காட்டில் பார்க்க வேறு எதுவுமே இல்லையா?

நேரம்: காலை எட்டு மணிக்குள் ஓடையில் இருங்கள், பதினொரு மணிக்குள் வெளியே வாருங்கள். இடிமேகம் பெரும்பாலும் நண்பகலுக்குப் பிறகுதான் திரளும். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, வாந்தி எடுத்தவர்களைத் தேற்றி, இட்லி சாப்பிட்டு முடிப்பதற்கே ஒன்பது ஆகிவிடும் என்றால், முந்தைய இரவே மேலே தங்குங்கள். முடியாதென்றால் திட்டத்தை மாற்றுங்கள். தாமதமாகத் தொடங்கிய குழு நேரத்தை ஈடுகட்டுவது எப்போதும் திரும்பும் நேரத்தைத் தின்றுதான்.

அனுமதி

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதையடுத்து அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டுக்குள் போவதானால் மாவட்ட வன அலுவலரின் முன் அனுமதி கட்டாயம். 2024-இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் இணையதளத்தில் அனுமதிக்கப்பட்ட தடங்களும் அவற்றின் கடினத்தன்மையும் இருக்கின்றன; முதல் முறை அழைத்துச் செல்பவர்கள் அதிலிருந்தே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தனியார் தோட்டம் வழியாகப் போவதானால் தோட்டத்து நிர்வாகத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வாட்ச்மேனிடம் வாய்மொழியாகக் கேட்டது கணக்கில் சேராது.

பெற்றோர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் 'சுற்றுலா' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். ஓடைக்குள் நடக்கப்போகிறார்கள் என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, தேனீக்கடி ஒவ்வாமை, நீச்சல் தெரியுமா என்ற நான்கு கேள்விகளையும் சேருங்கள்.

பிள்ளைகள் இல்லாமல் ஒருமுறை

பயணத்துக்கு முந்தைய வாரத்தில், உடன் வரப்போகும் பொறுப்பாளர்கள் மட்டும் முழுத் தூரத்தையும் நடந்துவிட வேண்டும். யூடியூபில் பார்த்தது நடந்ததாகாது. இந்த முன்னோட்ட நடையில் மூன்று வேலைகள்.

முதல் வேலை, பழைய வெள்ளத்தின் தடயம் தேடுவது. நீரோடும் தடத்தைப் பார்க்காமல் தலையை நிமிர்த்திப் பாருங்கள். கிளையிடுக்கிலும் பாறைவெடிப்பிலும் சருகும் குச்சியும் பிளாஸ்டிக் பையும் கற்றையாகச் சிக்கியிருக்கும். எல்லாம் ஒரே பக்கம், ஓட்டம் போகும் திசையில் சீவிவிட்டதாகப் படிந்திருந்தால் அது வெள்ளம் வைத்துவிட்டுப் போனது. அதுதான் போன மழைக்காலத்தில் தண்ணீர் எட்டிய உயரம். யூட்டாவின் பக்ஸ்கின் இடுக்கில் நடப்பவர்கள் தலைக்கு மேலே வெகு உயரத்தில் மரத்துண்டுகள் இரு சுவர்களுக்கிடையே சிக்கி நிற்பதைப் பார்ப்பார்கள். இங்கே நான் பார்த்த கற்றைகளில் ஒன்று, கையை உயர்த்தினாலும் எட்டாத சில்வர் ஓக் கிளையில் இருந்தது. சோப்பு உறை ஒன்று அதில் நிறம் மாறாமல் அப்படியே இருந்தது. பழையதாக இருக்க வாய்ப்பில்லை.

இரண்டாவது, ஒதுங்குமிடங்களைக் குறிப்பது. இந்தத் தடயத்துக்கும் மேலே, எல்லாப் பிள்ளைகளும் கையூன்றி ஏறி உட்காரக்கூடிய திட்டுதான் ஒதுங்குமிடம். தடயத்துக்குக் கீழே உள்ள திட்டு எவ்வளவு அகலமாக இருந்தாலும் பயனில்லை. ஒரு திட்டிலிருந்து அடுத்த திட்டுக்கு நடக்க எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். உங்கள் நடையைக் கணக்கில் எடுக்காதீர்கள்; குழுவில் மிகவும் மெதுவாக நடக்கும் பிள்ளையின் நடையை நினைத்து இரண்டால் பெருக்குங்கள். இரண்டு ஒதுங்குமிடங்களுக்கு இடையே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகுமென்றால், என்னைப் பொறுத்தவரை அந்த ஓடை பிள்ளைகளுக்கானதல்ல. எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

மூன்றாவது, மேலே குடியிருப்பவர்களிடம் பேசுவது. சேர்வராயனின் ஊர்களில் தலைமுறைகளாக வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு எந்த ஓடை எப்போது பொங்கும் என்பது தெரியும். "அய்யா, இந்தப் பள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வரும்?" என்று கேட்டால், வானத்தின் எந்த மூலை கறுத்தால் ஆடுகளை மேலே ஓட்டுவார்கள் என்று சொல்வார்கள். அந்த மூலையைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அவர்களில் ஒருவரைக் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் அன்றைக்கு வேண்டாம்.

திரும்பும் கோடுகள்

இதுவரை சொன்னவற்றையெல்லாம் மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்கக் கூடாது. ஒரு தாளில், உடன் வரும் எல்லாப் பொறுப்பாளர்களும் கையெழுத்திட, 'எது நடந்தால் திரும்புவோம்' என்று முன்கூட்டியே எழுதுங்கள். எண்ணாகவோ கண்ணால் காணக்கூடியதாகவோ இருக்க வேண்டும். 'வானிலை மோசமானால்' என்று எழுதினால் அங்கே போய் விவாதம் நடக்கும். யூட்டாவின் சயான் தேசியப் பூங்காவில், 'நேரோஸ்' என்ற இடுக்கில் நீரோட்டம் விநாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் பாதை மூடப்படும். விவாதத்துக்கு இடமில்லை. அந்தப் பூங்காவில்தான் 2015 செப்டம்பர் 14 அன்று கீஹோல் இடுக்கில் 7 பேர் இறந்தார்கள். அன்று அருகிலுள்ள வர்ஜின் ஆற்றின் வடகிளையில் நீரோட்டம் கால் மணி நேரத்தில் 55 கன அடியிலிருந்து 2,630 கன அடிக்கு உயர்ந்தது.

நம் ஓடைகளில் அளவீட்டு நிலையம் கிடையாது. ஆகவே வேறு கோடுகள் வேண்டும். நான் பயன்படுத்தும் கோடுகள் இவை. சேலம் மாவட்டத்துக்கு வானிலை ஆய்வு மையம் மஞ்சள் எச்சரிக்கை கொடுத்திருந்தாலும் ஓடை கிடையாது. ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் மலைப்பயணமே கிடையாது. இறங்குவதற்கு முன் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான முன்னறிவிப்பைப் பார்க்க வேண்டும். அதில் இடிமழை என்று இருந்தால் இறங்குவதில்லை. இடி ஒரே ஒருமுறை, எவ்வளவு தொலைவில் கேட்டாலும் திரும்புகிறோம். கடிகாரம் பத்தரையைத் தொட்டால், அருவி பத்தடியில் இருந்தாலும் திரும்புகிறோம். நீரோரக் கல்லில் நாம் போட்டுவைக்கும் அடையாளக் கோடு நனைந்தால் உயரத்துக்கு ஏறுகிறோம். ஒரு பிள்ளை முடியவில்லை என்றால் எல்லாருமே திரும்புகிறோம். ஒருவரைத் தனியே உட்காரவைத்துவிட்டுப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மேலும் ஒன்று. எந்தப் பொறுப்பாளரும், இளையவரானாலும், காரணம் சொல்லாமலே 'திரும்பலாம்' என்று சொல்லலாம். மற்றவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். தலைமையாசிரியர் உடன் வந்திருக்கும் குழுவில் இந்த விதிக்கு இரட்டை மதிப்பு. நம் ஊரில் பெரியவர் நடக்கும்போது சின்னவர் வாய் திறப்பது அரிது. இந்தத் தாள் அவருக்கு வாய் கொடுக்கிறது.

திரும்புவது பிள்ளைகளுக்குத் தண்டனையாகத் தெரியக் கூடாது. மாற்றுத் திட்டம் முன்பே சொல்லப்பட்டு, அதுவும் சுவையாக இருக்க வேண்டும். பகோடா முனை, ஆர்க்கிட் தோட்டம், ஏரியில் படகு, வழியில் மிளகாய் பஜ்ஜி என்று ஏதாவது ஒன்று. பஜ்ஜி இருந்தால் கெஞ்சல் பாதியாகக் குறைந்துவிடும்.

எத்தனை பேர்

சயான் பூங்காவின் உட்பகுதிகளில் ஒரு குழுவுக்கு உச்சவரம்பு 12 பேர். நமக்கும் அதுவே சரி: பத்துப் பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள். பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால் எட்டுப் பேர் போதும். ஐம்பது பேர் வந்திருந்தால் ஐந்து குழு, ஐந்து நாள். ஒரே நாளில் வரிசையாக இறக்காதீர்கள். முன்னால் போன குழு திரும்பும்போது பின்னால் வந்த குழு இடுக்கை அடைத்துக்கொண்டு நிற்கும். மாணவியர் இருந்தால் பெண் பொறுப்பாளர் கட்டாயம். இரண்டு பெரியவர்களில் ஒருவர் முன்னே, ஒருவர் கடைசியில்; கடைசியில் நடப்பவர்தான் அனுபவசாலியாக இருக்க வேண்டும். தளர்வது, வழுக்குவது, வேடிக்கை பார்த்து நிற்பது எல்லாம் பின்னால்தான் நடக்கும்.

மூன்றாவது பெரியவர் ஒருவர் ஓடைக்கு வெளியே, கைப்பேசி சிக்னல் கிடைக்கும் மேட்டில் இருப்பார். மேல்பக்கத்து வானத்தைப் பார்ப்பது அவர் வேலை. வானம் இருண்டால் நீண்ட விசில் கொடுப்பார். விசில் எட்டாத தூரம் என்றால் நடுவில் இன்னொருவர் வேண்டும். குறித்த நேரத்துக்குள் குழு வெளியே வராவிட்டால் அவர் அழைக்க வேண்டியவை: 112, தீயணைப்பு மீட்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது.

எடுத்துச் செல்பவை

விரல் மூடிய, நன்றாகப் பிடிக்கும் அடிப்பாகம் கொண்ட ஷூ. செருப்பு அணிந்து வந்தவர் மேலேயே இருப்பார். ஹெல்மெட் எல்லாருக்கும். ஆளுக்கொரு விசில், கழுத்தில். மாற்றுடை நீர் புகாத பையில். ஜனவரிக் காலையில் ஏற்காட்டுக் குளிரில் நனைந்த ஒல்லிப் பிள்ளைகள் உதடு நீலமாகி நடுங்குவார்கள். முதலுதவிப் பெட்டி, வெல்லம், கடலை மிட்டாய், டார்ச். பைக்குள் திணித்து வைத்த, மிதக்கும் மீட்புக் கயிறு ஒன்று. அதைப் பொறுப்பாளர் முன்பே எறிந்து பழகியிருக்க வேண்டும்.

கயிற்றைப் பற்றி ஒரு சொல் கூடுதலாக. ஓடும் நீரில் பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் கட்டவே கூடாது. ஒருவர் விழுந்தால் மற்றவரையும் கயிறு இழுக்கும். பாறையில் மாட்டிக்கொண்டால் நீரின் விசை அவர்களை அடியில் அழுத்தும். குறுக்கே கயிறு கட்டித்தான் கடக்க முடியும் என்ற நிலை வந்தால், அந்த இடத்தைக் கடக்க வேண்டாம்.

உள்ளே

ஓடையின் விளிம்பை அடைந்ததும் முதல் வேலை அடையாளக் கல். நீரோரத்தில், அடிப்பாகம் நனைந்து மேல்பாகம் காய்ந்த ஒரு நிலையான கல்லைத் தேர்ந்தெடுத்து, நீர்மட்டத்துக்கு இரண்டு விரற்கடை மேலே சாக்பீஸால் கோடு போடுங்கள். இந்த வேலையை ஒரு பிள்ளையிடமே கொடுங்கள், அதுவும் குழுவில் மிகவும் துறுதுறுவென்று இருப்பவரிடம். ஒவ்வொரு ஒதுங்குமிடத்திலும் புதிய கோடு. நிற்கும்போதெல்லாம் அவர் போய்ப் பார்த்து, "கோடு காய்ந்திருக்கிறது மிஸ்" என்று அறிவிப்பார். அடங்காதவர் என்று பெயரெடுத்தவர் இந்த வேலையைச் செய்யும்போது காட்டும் கண்டிப்பைப் பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

விசில் மொழி எளிது: ஒன்று நில், இரண்டு என்னிடம் வா, மூன்று மேலே ஏறு. தொடக்கத்திலேயே விளையாட்டாக மூன்றாவதை இரண்டு முறை பழக்குங்கள். எத்தனை விநாடியில் எல்லாரும் திட்டில் ஏறினார்கள் என்று சொன்னால் அடுத்த முறை இன்னும் வேகமாக ஏறுவார்கள்.

இடுக்கான பகுதியில் ஒருவர் கடந்து அடுத்த திட்டுக்குப் பக்கத்தில் போன பிறகே அடுத்தவர் நுழைய வேண்டும். இடுக்குக்குள் நின்று புகைப்படம் எடுப்பது கிடையாது. தண்ணீர் தேங்கிய குழிகளில் குதிப்பது கிடையாது. அடியில் என்ன பாறை இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. பாசி படிந்த கறுத்த பாறையில் நின்று நடக்காதீர்கள். உட்கார்ந்து நகரச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. நீந்தித்தான் தாண்ட வேண்டும் என்ற குழி வந்தால் அதுவே பயணத்தின் கடைசி.

தேனடை தொங்கும் பாறைக்கு அடியில் பேச்சும் வாசனைத் திரவியமும் வேண்டாம். மலைத்தேனீ கிளம்பினால் ஓடி ஒளிய இடுக்கில் இடமிருக்காது. காட்டுமாடு நின்றால் அதற்கு வழி விட்டு ஒதுங்கி நில்லுங்கள், கல் எறியாதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப்போடுவதோ கீறுவதோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு.

தண்ணீர் மாறினால்

வெள்ளம் சுவர்போல எழுந்து வரும் என்றுதான் பிள்ளைகள் எதிர்பார்க்கிறார்கள். சில நேரம் அப்படியும் வரும். பல நேரம் முதலில் வருவது நிறம். பளிங்காக ஓடிய நீரில் மெல்லிய தேநீர்ச் சாயம் இறங்கும். பிறகு சருகு, காபிச்செடியின் இலை, குச்சி. பிறகு நுரை. காற்றில் ஈரமண் வாசனை திடீரென்று கனக்கும். மேலிருந்து, பஸ் ஏற்றத்தில் உறுமுவதைப் போன்ற ஒலி வந்தால் உங்களுக்கு விநாடிகள்தான் இருக்கின்றன. இவற்றில் முதலாவதைக் கண்டதுமே மூன்று விசில்.

மேலே ஏறுங்கள். வந்த வழியே ஓடை நெடுகக் கீழே ஓடாதீர்கள். தண்ணீர் உங்களைவிட வேகமாக ஓடும். பைகளைக் கீழே போடுங்கள். யாராவது கைப்பேசிக்காகத் திரும்பினால் கையைப் பிடித்து இழுங்கள், மரியாதை பிறகு. எதிர்க்கரைத் திட்டு அகலமாகத் தெரிந்தாலும் அதற்காக நீரைக் கடக்க வேண்டாம். திட்டில் ஏறியதும் தலைகளை எண்ணி, நெருங்கி உட்காரவைத்து, உலர்ந்த துணியைச் சுற்றிக் கொடுங்கள். பிறகு காத்திருப்பது மட்டுமே வேலை. மலை ஓடை, ஏறியதைவிட மெதுவாகத்தான் என்றாலும், இறங்கிவிடும். ஆனால் இரண்டாவது முறையும் ஏறக்கூடும். நீர் மீண்டும் தெளிந்து, அடையாளக் கோடு தெரியும்வரை இறங்க வேண்டாம். இருட்டிவிட்டால் திட்டிலேயே இரவைக் கழியுங்கள். மங்காடெபோப்போ குழு நீரில் இறங்கியதை மனத்தில் வையுங்கள்.

திட்டு நனையத் தொடங்கினால் இன்னும் மேலே. அதற்கும் வழியில்லாத திட்டை முன்னோட்ட நடையிலேயே ஒதுங்குமிடம் என்று குறித்திருக்கக் கூடாது.

ஒருவரை நீர் இழுத்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். "மல்லாந்து படு, காலை முன்னால் நீட்டு" என்று கத்துங்கள். பாறையில் மோதுவதைத் தலைக்குப் பதில் கால் தாங்கும். எழுந்து நிற்க முயன்றால் பாதம் பாறையிடுக்கில் சிக்கி, நீர் உடலைக் கவிழ்த்துவிடும். இந்தப் பாடத்தைப் பஸ்ஸிலேயே சொல்லிக்கொடுங்கள். கையெட்டும் தூரத்தில் இருந்தால் கம்பை நீட்டுங்கள். எட்டாவிட்டால் கயிற்றை அவருக்கு அப்பால் விழும்படி எறியுங்கள். எறிபவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொள்ளக் கூடாது. மற்றவர்களை இரண்டாவது பெரியவர் திட்டிலேயே வைத்திருக்க வேண்டும். நண்பனைக் காப்பாற்ற இறங்கும் பிள்ளைதான் இரண்டாவது விபத்து.

வெளியே வந்த பிறகு

பஸ் கிளம்பும் முன் பெயர் சொல்லி எண்ணுங்கள். 'எல்லாரும் வந்தாச்சா' என்று கேட்டால் எப்போதும் 'ஆமாம்' என்றுதான் வரும். மேட்டில் இருந்த பொறுப்பாளரிடமும் பள்ளியிலும் வந்து சேர்ந்ததைச் சொல்லுங்கள். வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். கீறல், அட்டைக்கடி, சுளுக்கு எதுவானாலும் குறித்துப் பெற்றோருக்கு அன்றே தெரிவியுங்கள். அவர்கள் பிள்ளையின் வாயிலிருந்து கேட்டால் அட்டை மலைப்பாம்பாகிவிடும்.

அன்று மாலையே ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள்: எந்த ஓடை, எத்தனை மணிக்கு இறங்கினீர்கள், எத்தனை மணிக்கு ஏறினீர்கள், ஒவ்வொரு திட்டிலும் நீர்மட்டம், முந்தைய வாரத்து மழை, எந்தத் திட்டுக்கு ஏறப் பிள்ளைகள் திணறினார்கள், திரும்பும் கோடுகளில் எது நெருங்கி வந்தது. இந்தக் குறிப்பு பள்ளிக் கோப்பில் இருந்தால் போதாது. அடுத்த ஆண்டு அதே ஓடைக்கு வேறு பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் கிளம்புவார். அவருக்கு ஒரு நகல் கொடுங்கள். மலை ஊரில் உங்களுக்கு வழி சொன்னவரிடமும் ஒரு நகல் இருக்கட்டும், அடுத்து வருபவர்கள் முதலில் கேட்பது அவரிடம்தான்.